இரும்பு விளக்குக்குக் கறுப்பு வேண்டாம்: மொன்றியலில் ஒரு நீண்ட வாரவிறுதி

ஒக்டோபரில் வந்த நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு நாங்கள் மொன்றியலுக்குப் போனோம். சுவரில் தொங்கிய என் மனைவியின் ஓவியம் ஒன்றைப் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பயணம். பக்கத்திலேயே என்னுடையதும் ஒன்று தொங்கியிருக்க வேண்டும். தொங்கவில்லை. இந்தக் கட்டுரையில் வாகனத் தரிப்பிடம், மெற்றோ, கண்காட்சி மண்டபம் எல்லாவற்றையும் பற்றிப் பயனுள்ள விபரங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே என் எரிச்சலும் வரும். அதை வெட்டிவிட்டு எழுதிப் பார்த்தேன், கட்டுரையே மிஞ்சவில்லை.

இந்த வலைப்பக்கத்தை வாசித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஸ்காபரோவில் சமையலறை அலுமாரி செய்யும் ஒரு கடையில் வரைபடம் கீறுவது என் வேலை. விடுமுறைக்குப் போகிற இடமெல்லாம் மடக்குக் கதிரையை விரித்து நீர்வர்ணத்தில் எதையாவது கீறுவேன். பதினெட்டு வருடங்களாக இதுதான் என் பழக்கம். என் மனைவி ரஜனி மூன்று குளிர்காலங்களுக்கு முன்தான் தொடங்கினாள். நான் ஒதுக்கிவைத்த தூரிகைகள்தான் அவளுடைய முதல் தூரிகைகள்.

கோடையில் ஒரு அறிவிப்பு வந்தது. மின்சாரம் வருவதற்கு முந்திய அமெரிக்க வீடுகளில் பாவித்த விளக்குகள், லாந்தர்கள், மெழுகுதிரி அச்சுகள், நாட்டுப்புறக் கைவினைப் பொருட்கள் ஆகியவற்றின் ஓவியங்களை மொன்றியலில் ஒரு சிறிய மண்டபத்தில் வைக்கப்போகிறார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில், வேலையில்லாமல் இருந்த ஓவியர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து இப்படியான பழைய பொருட்களை ஒவ்வொன்றாகக் கீற வைத்தது. அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளோடு, இப்போது வரைகிறவர்களின் புதிய படங்களையும் தெரிந்தெடுத்து மாட்டுவோம் என்றார்கள். அவர்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்து, நான் மெழுகு ஊற்றித் திரி வார்க்கும் ஒரு மெழுகுதிரி அச்சைக் கீறி அனுப்பினேன். ரஜனி ஓட்டை போட்ட தகர லாந்தர் ஒன்றைக் கீறி அனுப்பினாள். எனக்கு வந்த பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. அவளுக்கு வந்த பதிலில் ஆச்சரியக்குறிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஸ்காபரோவிலிருந்து மொன்றியல் ஏறக்குறைய 530 கிலோமீற்றர். கிங்ஸ்டனில் ஒரு முறை, கொர்ன்வோல் தாண்டுவதற்கு முன் ஒரு முறை நிறுத்தினால் ஆறரை மணித்தியாலம் பிடிக்கும். கியூபெக்கிற்குள் நுழைந்ததும் பெருந்தெருவின் இலக்கம் மாறி, பலகைகள் பிரெஞ்சில் மட்டும் வரும். பயப்பட ஒன்றுமில்லை. வழி முழுக்க ரஜனி அந்த லாந்தரின் பிடி சரியாக வந்ததா, வரவில்லையா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வந்தது என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை வானொலியைக் கூட்டினேன்.

கோட்-டெ-நெய்ஜில் ரஜனியின் சித்தி மகள் சுமதி வீட்டில் தங்கினோம். சுமதி பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், இருபது வருடங்களுக்கு மேல் அங்கே. நாங்கள் இறங்கும்போதே வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அத்தான், காரை அந்தப் பக்கம் விடாதேங்கோ! பலகையை வாசிச்சனீங்களோ? அங்க தண்டக்காசுக்கு ரிக்கற் எழுதிப்போடுவாங்கள்."

பலகையில் அம்புக்குறிகளும் மாதங்களும் மணிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. எனக்கு விளங்கவில்லை. அங்கே போகிறவர்கள் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், பிறகு காரை விட்டுவிட்டு மெற்றோவில் திரியுங்கள். வாரவிறுதிக்கு ஒரு பயணச்சீட்டு இருக்கிறது. வெள்ளி பின்னேரம் தொடங்கித் திங்கள் காலை வரை எத்தனை தரமும் ஏறி இறங்கலாம்.

மண்டபம் இருந்தது செயின்ட்-மிஷேலில். கோட்-டெ-நெய்ஜ் நிலையத்தில் நீலப் பாதையில் ஏறினால் மாறத் தேவையில்லை, கடைசி நிலையத்தில் இறங்கலாம். இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். இறங்கிப் பத்து நிமிட நடை. முன்பு ஒரு தேவாலயத்தின் கூட்டமண்டபமாக இருந்த கட்டடம். நுழைவு இலவசம். வாசலில் உண்டியல் மாதிரி ஒரு கண்ணாடிச் சாடி இருக்கும், விரும்பினால் போடலாம். உள்ளே சூடு குறைவு, மேலங்கியைக் கழற்றாதீர்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் சுமதியையும் கூட்டிக்கொண்டு போனோம். ரஜனி நேரே தன் படத்தைத் தேடி ஓடவில்லை. முதல் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் அவளுடைய படம் எங்கே இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்தேன். நல்ல இடத்தில் இருந்தது. நல்ல வெளிச்சம் விழுந்தது.

ஆத்திரத்தை ஆற்றுவதற்குப் பழைய படங்களிடம் போனேன். அங்கே இன்னும் கூடியது. கொழுப்பு ஊற்றி எரிக்கும் இரும்பு விளக்கு, ஈர்க்கு மாதிரி ஒரு நாணல் தண்டைக் கவ்விப் பிடித்து எரிக்கும் குறடு, பின்னால் கண்ணாடித் துண்டுகள் பதித்த சுவர் விளக்கு, கூரையில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவல். எல்லாம் வெறும் வெள்ளைத் தாளில், பின்னணி ஒன்றுமில்லாமல், அந்தப் பொருளும் அதன் நிழலும் மட்டும். தகரத்தின் மினுக்கத்துக்கு வெள்ளைப் பூச்சே போடவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தார்கள். எங்கே விடவேண்டும் என்று தூரிகையைத் தொடுவதற்கு முன்னமே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதோ செத்துப்போன மனிதர்களின் மேல், அதுவும் வேலையில்லாமல் கஷ்டப்பட்ட மனிதர்களின் மேல், எனக்குப் பொறாமை வந்தது.

ஒரு மெழுகுதிரி அச்சும் இருந்தது. எட்டுக் குழாய்களை ஒன்றாக, ஈயத்தை உருக்கிப் பற்றாசு வைத்துப் பொருத்திய அதே மாதிரி அச்சு. அந்த ஓவியர் கீறியதில் ஒரு குழாய் சற்று நெளிந்திருந்தது, ஓரத்தில் பற்றாசு வழிந்து காய்ந்த தடம் இருந்தது. நான் கீறி அனுப்பியதில் எட்டுக் குழாயும் நேராக நின்றன. நான் பார்த்துக் கீறிய புகைப்படத்தில் நெளிவு இருந்தது. நான்தான் நிமிர்த்திவிட்டேன். அலுமாரிக்குக் கதவு கீறுவதைப் போலக் கீறியிருக்கிறேன். ஏன் எடுக்கவில்லை என்பது அந்த இடத்திலேயே விளங்கியது. விளங்கினாலும் வயிறு எரிவது நிற்கவில்லை.

பிறகுதான் ரஜனியின் லாந்தர் முன்னால் போய் நின்றேன். ஒரு சிலிண்டர், மேலே கூம்பு, உடல் முழுவதும் ஆணியால் குத்திய ஓட்டைகளில் ஒரு சூரியன், அதைச் சுற்றி வளைவுகள். பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கூம்பின் வளைவு சரியா, ஓட்டைகள் ஓரத்துக்குப் போகப்போக ஒடுங்குகின்றனவா. எல்லாம் சரி. பிடி மட்டும் கோணலாக இருந்தது. அசல் லாந்தர் பக்கத்தில் ஒரு மேசையில் இருந்தது. அதன் பிடியும் அதே கோணல்.

அந்த மேசையில் இருந்த பொருட்களுக்கும் முழுக் கண்காட்சிக்கும் சொந்தக்காரி மதாம் ஜினெட். அறுபது வயதிருக்கும், கழுத்தில் கம்பளிச் சால்வை, கண்ணாடி தலையில். சுமதி எங்களை அறிமுகம் செய்து வைத்ததும் அவ ரஜனியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் கொட்டத் தொடங்கினா. சுமதி மொழிபெயர்த்தாள்.

"அக்கா, நாளைக்குப் பின்னேரம் ஆக்களுக்கு முன்னால ஒரு ஆள் இருந்து கீறிக் காட்டுறதாம். வரவேண்டிய ஆளுக்குச் சுகமில்லையாம். நீங்கள் செய்வீங்களோ எண்டு கேக்கிறா. லாந்தர் வேண்டாமாம், அது கீறிப்போட்டீங்கள்தானே. இந்த இரும்பு விளக்கை."

உள்ளங்கைக்குள் அடங்குகிற விளக்கு. ஆழமில்லாத இரும்புக் கிண்ணம், முன்னால் பறவையின் அலகு மாதிரித் திரி வைக்கும் மூக்கு, பின்னால் வளைந்து எழும்பும் கை, அதில் சங்கிலி, சங்கிலியில் சுவரில் குத்துகிற கொக்கி. ரஜனி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தாளோ, செய் என்று சொல்லுவேன் என எதிர்பார்த்தாளோ தெரியாது. நான் என் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செய்யிறன் எண்டு சொல்லு சுமதி" என்றாள்.

அன்று பின்னேரம் சுமதி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரஜனி பயிற்சிக்கு உட்கார்ந்தாள். விளக்கைப் பல பக்கத்திலிருந்தும் படமெடுத்து வந்திருந்தாள். முதலாவது தாளில் விளக்கு அடுப்புக்கரித் துண்டு மாதிரி வந்தது. இரண்டாவதில் இன்னும் மோசம். உருவம் பிழையில்லை, நிறம்தான் உயிரில்லாமல் கிடந்தது. கறுப்பு வண்ணத்தில் தண்ணீர் கலந்து, அதன் மேல் மறுபடியும் கறுப்பை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, இரும்பு ஏன் எனக்குக் கரி மாதிரி வருது?"

நான் சோபாவில் இருந்தேன். எனக்குப் பதில் தெரியும். இரும்புக்குக் கறுப்பைத் தொடக்கூடாது. அல்ட்ராமரின் நீலத்தையும், துருவின் நிறத்தில் இருக்கும் சியன்னா மண்ணிறத்தையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்பை விட ஆழமான ஒரு இருட்டு வரும். அது தாளில் காயும்போது ஓரங்களில் நீலமும் மண்ணிறமும் மெல்லப் பிரியும். அப்போதுதான் குளிர்ந்த இரும்பும் அதன் துருவும் ஒரே நேரத்தில் தெரியும். ஒரு வசனத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

"எனக்கென்ன தெரியும்? பாத்துப் பாத்துக் கீறும், வரும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது தாளை எடுத்தாள்.

ஞாயிறு காலை வெளிக்கிடும்போது கேட்டாள். "பக்கத்தில இருப்பீங்கள்தானே? ஆக்கள் சுத்தி நிண்டா எனக்குக் கோடு பிழைக்கும்."

"நான் துறைமுகத்தைப் பாத்திட்டு வாறன். புளொக்குக்குப் படம் எடுக்கவேணும். சுமதி இருக்கிறாதானே, அவதானே மொழிபெயர்க்கவும் வேணும்."

"ஓம், சுமதி இருக்கிறா" என்றாள். தூரிகைகளைப் பையில் வைத்தாள்.

ஆக, நீங்கள் எதிர்பார்க்கும் துறைமுகப் பகுதி இதோ. கோட்-டெ-நெய்ஜிலிருந்து நீலப் பாதையில் ஜோன்-தலோன் வரை போய், செம்மஞ்சள் பாதைக்கு மாறி, பழைய நகரத்தில் இறங்கலாம். ஆற்றோரம் நீளமான நடைபாதை. மேப்பிள் மரங்கள் உச்சத்தில் இருந்தன, எல்லோரும் அவற்றுக்கு முன்னால் நின்று படமெடுத்தார்கள். கிழக்கே பார்த்தால் கொள்கலன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். ஒரு டெப்பனரில் கோப்பி வாங்கினேன். மொன்றியலில் மூலைக்கடையை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆற்றங்கரைக் கடைகளில் கொடுக்கும் காசில் பாதிதான், கோப்பியும் மோசமில்லை.

மடக்குக் கதிரையையும் கொண்டுபோயிருந்தேன். விரித்து உட்கார்ந்து பாரந்தூக்கி ஒன்றைக் கீறத் தொடங்கினேன். வழமையாக யாராவது வந்து பின்னால் நிற்பார்கள். அன்றைக்கும் ஒரு குடும்பம் வந்து நின்றது. அந்தத் தாய், "நல்லாயிருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னா. நன்றி என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கதிரையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன் போலிருந்தது. அதே நேரத்தில் செயின்ட்-மிஷேலில் ஒருத்தி கரிக்கட்டி விளக்கோடு கூட்டத்துக்கு நடுவே மாட்டுப்பட்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. முதலில் அந்த நினைப்பு இனித்தது. இனித்தது என்பதை உணர்ந்ததும் கோப்பி வாய்க்குள் கசந்தது. பாதிப் படத்தோடு எழும்பினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது முப்பது பேருக்குக் குறையாமல் அரைவட்டமாக நின்றார்கள். முன்னால் போக வழி கிடைக்கவில்லை. ஓரமாகச் சுவரோடு சுவராக நகர்ந்து எட்டிப் பார்த்தேன்.

விளக்கு முடியும் தறுவாயில் இருந்தது. கரியில்லை. இரும்பு. கிண்ணத்தின் வெளிப்புறம் ஈரமான நீலத்தில் குளிர்ந்திருந்தது, மூக்கின் நுனியில், நெருப்புப் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில், மண்ணிறம் கசிந்து வந்திருந்தது. கொக்கியின் விளிம்பில் மயிர் கனத்தில் வெள்ளைத்தாள் விடப்பட்டிருந்தது. பதினெட்டு வருடங்களில் அப்படி ஒரு இரும்பு எனக்கு வந்ததில்லை. அவளுடைய கோடு எங்கேயும் பிழைக்கவும் இல்லை. சுமதி பக்கத்தில் இருந்து கேள்விகளை மொழிபெயர்த்தாள். ரஜனி தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"கறுப்பு எந்த இடத்தில பாவிச்சனீங்கள் எண்டு கேக்கினம் அக்கா."

"கறுப்பே பாவிக்கேல்லை எண்டு சொல்லு. நீலமும் மண்ணிறமும்தான்."

முடிந்ததும் கை தட்டினார்கள். மதாம் ஜினெட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டா. நானும் தட்டினேன். தட்டும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ரஜனிக்குத் தெரிந்திருக்கும். அவள் கூட்டத்துக்கு மேலால் நேரே என்னைத்தான் பார்த்தாள்.

ஆட்கள் கலைந்த பிறகு, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுவதற்குப் பின்பக்கத் தொட்டியடிக்கு வந்தாள். நானும் போனேன்.

"ரஜனி, எனக்கு அது தெரியும். நீலமும் மண்ணிறமும். நேற்று நீர் கேக்கேக்க தெரியாத மாதிரி இருந்திட்டன்."

"எனக்கும் தெரியும்" என்றாள், குழாயைத் திறந்தபடி. "காலமை நீங்கள் குளிக்கப் போகேக்க உங்கட வர்ணப் பெட்டியைத் திறந்து பாத்தனான். அதுக்குள்ள கறுப்பே இல்லை. மற்றதெல்லாம் நிறைய இருக்கு, நீலத்திலயும் மண்ணிறத்திலயும் மட்டும் அடி தெரியுது. அப்ப விளங்கிச்சுது."

"எனக்குத் தெரியும் எண்டு நேற்றே உமக்குத் தெரியுமோ?"

"முகத்திலயே எழுதியிருந்தது."

"அப்ப ஏன் திருப்பிக் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

தண்ணீர் நீலமாக ஓடி, பிறகு தெளிந்தது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "எனக்குப் பொறாமையா இருக்கு."

ரஜனி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தூரிகையைத் துணியில் ஒற்றினாள்.

"இருக்கட்டும். எனக்கும் இருந்தது. நீங்கள் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்க ஆக்கள் வந்து பாராட்டிப்போட்டுப் போவினம். நான் பக்கத்தில நிப்பன். எனக்கும் இப்பிடி ஒண்டு வேணும் எண்டு எரியும். எரிஞ்சுதான் தொடங்கினனான். வேற என்னத்துக்கு எண்டு நினைச்சனீங்கள்?"

என் படங்கள் பிடித்துப்போய்த்தான் தொடங்கினாள் என்று நான் நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஆனா ஒண்டு" என்றாள். "நான் உங்களிட்டை இருந்து ஒண்டையும் ஒளிக்கேல்லை."

கிண்ணத்தை வாங்கித் துடைத்தேன்.

திங்கட்கிழமை மண்டபம் மதியம் வரைதான் திறந்திருந்தது. காலையிலேயே போனோம். மதாம் ஜினெட்டிடம் இரண்டு கதிரை கேட்டேன். அந்த இரும்பு விளக்கை மேசையின் நடுவில் வைத்து, இருவரும் எதிரெதிராக இருந்து கீறினோம். சங்கிலியின் வளையங்கள் ஒன்றோடொன்று கோர்க்கிற இடம் ரஜனிக்குச் சிக்கியது. கேட்டாள். வளையத்தைக் கீறாமல் இரண்டு வளையங்களுக்கு இடையிலுள்ள வெளியைக் கீறச் சொன்னேன். உடனே சொன்னேன், சொல்லும்போது உள்ளே ஏதோ இழுத்தது, ஆனாலும் சொன்னேன். அவள் செய்தாள். சங்கிலி தொங்கியது. நான் என் கிண்ணத்தின் நெளிவை நிமிர்த்தாமல் கீறப் பார்த்தேன். கை தானாகவே நிமிர்த்தியது. அழித்தேன், மறுபடி கீறினேன். மதியம் ஆனபோது அவளுடையதுதான் நல்லாயிருந்தது. என்னுடையது எனது மற்றப் படங்களை விட நல்லாயிருந்தது.

திரும்பும் வழியில் காரை அவள் ஓட்டினாள். திங்கள் பின்னேரம் மொன்றியலிலிருந்து வெளியேறும் பாலத்தடி நெரிசல் மோசம். ஒரு மணிக்கு முன்பே புறப்படுங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்படுங்கள். கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஓவியங்களை முதலிலும் மேசையில் உள்ள பொருட்களைப் பிறகும் பாருங்கள். எதிர்மாறாகப் பார்த்தால் படங்களின் அருமை பாதி போய்விடும். பூதக்கண்ணாடி ஒன்று கொண்டுபோனால் பற்றாசுத் தடங்களைப் பார்க்கலாம். மண்டபத்தில் சாப்பாடு இல்லை, ஆனால் மெற்றோவுக்குப் போகும் வழியில் ஹெயிற்றிக்காரர்களின் கடைகளில் பொரித்த வாழைக்காயும் இறைச்சியும் கிடைக்கும், ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். சோடியாகப் போகிறீர்கள், இரண்டு பேரும் கீறுவீர்கள் என்றால் இரண்டு வர்ணப் பெட்டி கொண்டுபோங்கள்.

வசந்தத்தில் அதே மண்டபத்தில் கூரைச் சேவல்களுக்கும் மரத்தில் செதுக்கிய பொம்மைகளுக்குமான கண்காட்சி நடக்கப்போகிறதாம். மறுபடியும் படம் கேட்டிருக்கிறார்கள். நான் நிலக்கீழ் அறையில் இருந்து கீறுகிறேன், ரஜனி மேல்மாடியில். ஆளுக்கு ஆள் காட்டுவதில்லை என்று பேச்சு, கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லவேண்டும். நேற்று நான் தேத்தண்ணியோடு மேலே ஏறிப்போன சத்தம் கேட்டதும், அவள் அவசரமாகத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். என் படத்தை நினைத்து அவளுக்கும் பயம் இருக்கிறது. தேத்தண்ணியை வைத்துவிட்டு வெகு சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்தேன்.